பந்தலுக்குள் வந்த கேரளா

ப்ரீபெய்டு லாபமா, போஸ்ட்பெய்டு லாபமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் அவரை ஏற இறங்கப் பார்ப்பேன். கேள்வியில் குறை கிடையாது. கேட்கிற ஆள் மேல்தான் சந்தேகம். இவர் எதற்குக் கேட்கிறார், யாருக்கு வாங்கிக் கொடுக்கப்போகிறார், வீட்டுக்குத் தெரியுமா என்று மனசு தன்னால் துருவ ஆரம்பித்துவிடும். என்ன செய்வது, சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவன் நான். மாட்டுத் தரகர் கோயிலில் நந்தி சிலையைப் பார்த்தாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தானே நினைப்பார்.

தேனியில் நான் வேலை பார்த்த செல்போன் கம்பெனி அலுவலகத்தில் 'பில் புகார் மேசை' என்று ஒன்று இருந்தது. அதை இப்போது எடுத்துவிட்டார்களாம். பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரே கட்டணம் என்று ஆகிவிட்ட காலத்தில் புகார் எங்கிருந்து வரும்? மேசையைத் தூக்கிய அன்று அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போன் செய்து, "அண்ணே, ரொம்ப நாளு அதுல நீங்கதான் உக்காந்திருந்தீக. எதையாச்சும் எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுறோம்" என்றார்கள். மலரில் ஒரு பக்கம் விளம்பரம் கிடைக்காமல் காலியாகக் கிடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பிறரைச் சந்தேகப்படும் வேலைக்கு வருவதற்கு முன், பிறர் என்னைச் சந்தேகப்படும் வேலையில் இருந்தேன். 1996-இல் தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போன். வெளியில் என் மேசை மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பேசுகிறவர்கள் எல்லோரும் கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் போனில் வைத்துப் பேசுவார்கள். "தம்பி, நல்லா இருக்கியா, பதினாலு ரூவா ஆயிருச்சு, அம்மா நல்லாருக்கா, பதினஞ்சாயிருச்சு, வச்சிரவா" என்று குசல விசாரிப்பும் கணக்கு வாசிப்பும் கலந்து வரும். நான் மேசைக்கு அடியில் காலால் ஏதோ பட்டனை அமுக்கி மீட்டரை வேகமாக ஓட்டுகிறேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பழி வேண்டாம் என்று நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார ஆரம்பித்தேன். முழங்காலால் அமுக்குகிறான் என்றார்கள்.

செல்போன் வந்து பூத்தைச் சாப்பிட்டது. சாப்பிட்டவனிடமே வேலைக்குச் சேர்ந்தேன். மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். 'கட்டணம்' என்று சொல்லக்கூடாது, 'திட்டம்' என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது சிரிக்க வேண்டும். பயிற்சியில் நான் கற்றது அவ்வளவுதான். சிரிப்பு எனக்கு ஏற்கெனவே வரும் என்பதால் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ப்ரீபெய்டு என்பது கையில காசு, வாயில தோசை. காசு தீர்ந்தால் தோசைக்கல்லைக் கவிழ்த்துவிடுவார்கள். போஸ்ட்பெய்டு என்பது பெட்டிக்கடைப் பற்று. மாதம் முழுக்க எடுத்துத் தின்றுவிட்டு, கடைசியில் 'இவ்வளவா தின்றேன்' என்று வாயைத் துடைத்துக்கொண்டு சண்டை போடலாம். ப்ரீபெய்டில் நாள் கணக்கு என்று ஒன்று உண்டு. கார்டில் பணம் மிச்சமிருந்தாலும் நாள் முடிந்தால் பேச முடியாது. வீரபாண்டித் திருவிழாவில் கம்பெனி சார்பில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தபோது, தீச்சட்டி எடுத்து முடித்து வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன்யா, எங்காசு உள்ள கெடக்கு. பேச விடமாட்டேங்குறீக. அப்ப அது யாரு காசு?" நான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி சிரித்தேன்.

போஸ்ட்பெய்டும் லேசுப்பட்டதல்ல. மாத வாடகைக்குள் இத்தனை அழைப்பு இலவசம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைத் தேடிக் கீழே போனால் எறும்பு ஊர்ந்தது மாதிரி நாலு வரி. அந்த நாலு வரிதான் என் பிழைப்பு. எது மலிவு என்று ஒருமுறை பென்சிலை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாத் திட்டத்தையும்விட மலிவாக வந்தது என் மனைவி பாக்கியத்தின் திட்டம்தான். ஒரு மிஸ்டு கால் என்றால் சாப்பாடு தயார், இரண்டு என்றால் வரும்போது தயிர் வாங்கி வரவும்.

எங்கள் மேனேஜர் அருமைநாயகம் சார், நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட மிகவும் இளையவர். மேசையில் காகிதம் எதுவும் கிடக்கக்கூடாது அவருக்கு. யாராவது பில் தப்பு என்று வந்தால் உட்காரச் சொல்லுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைப்பார். 'உமக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்' என்று அதற்கு அர்த்தம். வந்தவர் சொல்லி முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். இந்தத் தடவை கடைசியிலிருந்து முன்னுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவைதான் விஷம். "இப்போ போனை விட்டுருங்க. போன்னு ஒண்ணு இல்லவே இல்ல. அன்னைக்குப் பொழுது எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி, வெளிநாட்டுக்குப் பேசாமலே வெளிநாட்டு பில் வந்துவிட்டது என்று மூக்கு விடைக்க வந்தார். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஆணி அடித்த மாதிரி ஒரே கதை. மூன்றாவது தடவை போனை விட்டுவிட்டு அன்றைய பொழுதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்குப் போனேன், ஏலக்காய் தரம் பிரித்தேன், சாப்பிட வீட்டுக்கு வந்தேன், துபாயிலிருந்து லீவில் வந்த மருமகன் கட்டிலில் படுத்திருந்தார், நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். அதோடு நின்றார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "பில்ல கட்டிப்புடுறேன் சார்" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த வித்தையை நான் வீட்டிலும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அருமைநாயகம் சார் மாதிரி கடிகாரத்தைக் கழற்றிக் காட்டிப் பாக்கியத்துக்கு நடித்தும் காட்டினேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது கடைசியில் வரும்.

கரண்ட் கட் ஊர் ஊராகத் தலைவிரித்தாடிய 2008 வாக்கில்தான் செல்வராசு கேஸ் வந்தது.

செல்வராசு கூடலூர்க்காரர். ஊரைத் தாண்டி லோயர் கேம்ப் போகிற வழியில், மலையை ஒட்டி அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். போஸ்ட்பெய்டு வைத்திருந்தார். பழ வியாபாரிகளிடம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, நடுவில் காசு தீர்ந்து போன் நின்றால் விலை போய்விடும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான். அவர் மனைவி ஈஸ்வரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முட்டைக் கணக்கில் ஒன்று குறைந்தால் உடைந்ததா, வெந்ததா, யார் மடியிலாவது போனதா என்று கண்டுபிடிக்காமல் உறங்காதவர். அப்படிப்பட்டவர் கையில் புருஷனின் செல்போன் பில் கிடைத்தது.

பில்லில் வரிக்கு வரி 'கேரளா' என்று இருந்தது. ரோமிங் கட்டணம். அதாவது செல்வராசு அத்தனை தடவையும் கேரளாவில் இருந்துகொண்டு பேசியிருக்கிறார். எல்லாம் மத்தியான நேரம். தமிழ்நாட்டிலிருந்து பேசியது என்று தேடினால் அத்தி பூத்த மாதிரி ஒன்றிரண்டு. தினமும் காலையில் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறேன் என்று போகிற மனுஷன், மத்தியானமானால் மலையேறிக் குமுளிப் பக்கம் போய் யாரோடு சோறு தின்கிறார்? ஈஸ்வரி சத்தம் போடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு சின்னமனூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

செல்வராசு எங்கள் மேசைக்கு வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. "நான் தோட்டத்த விட்டு எங்கனயும் போகலண்ணே" என்றார். திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னார்.

எல்லை ஊர்களில் இந்தச் சங்கதி புதிதல்ல. நம் டவர் தூரமாக இருந்து, மலைக்கு அந்தப் பக்கத்து டவர் பக்கத்தில் இருந்தால், போன் கூச்சநாச்சமில்லாமல் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். லோயர் கேம்பில் பஸ்ஸின் இந்தப் பக்க ஜன்னலில் தமிழ்நாடும் அந்தப் பக்க ஜன்னலில் கேரளாவும் கிடைக்கும் என்று நாங்களே கேலி பேசுவோம். ஆகவே போய்ப் பார்த்தேன். காலையில் போய்ச் சேர்ந்தேன். செல்வராசு மோட்டாரைப் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு அடியில் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தேன். போனில் எங்கள் டவர்தான், சிக்னல் குச்சி முழுசாக நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னொரு நாள் காலையிலும் போனேன். அப்போதும் அதே குச்சி.

டவரைக் கவனிக்கும் இன்ஜினீயரிடம் கேட்டேன். அந்த டவர் நின்றதே கிடையாது, கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியதற்குக் கையெழுத்து எல்லாம் இருக்கிறது என்றார்.

ஆக, செல்வராசு பொய் சொல்கிறார். எனக்குள்ளிருந்த பழைய பூத்துக்காரன் கையைத் தேய்த்துக்கொண்டான். யோசிக்க யோசிக்கச் சாட்சிகள் வந்துகொண்டே இருந்தன. தோட்டத்துக் கொட்டகையில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்று தொங்கியதே, அது எப்படி வந்தது? கூடலூரில் அது பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை தொங்கும் என்பதும், நானே போகும்போது ஒன்று வாங்கித் தின்றுகொண்டுதான் போனேன் என்பதும் அப்போது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. சந்தேகம் வந்தவனுக்குச் சொந்த வாய் மறந்துபோகும்.

இந்த நேரத்தில் ஈஸ்வரியின் அண்ணன் பால்பாண்டி அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பைக்குள் தெரிகிற மாதிரி செல்போன். பில்லை என் மேசையில் விரித்தார்.

"இந்தப் பில்லு சரிதான்னு கம்பெனி சீல் வச்சு ஒரு கடுதாசி குடுங்க."

"எதுக்குங்க?"

"ஞாயித்துக்கெழம ரெண்டு வீட்டுப் பெரியாளுகளும் உக்காருறாக. மாப்ள இல்ல இல்லங்குறாரு. கம்பெனியே சொல்லிருச்சுன்னா அவரு வாயத் தொறக்க முடியாதுல்ல?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, அத்து விட வேண்டியதுதான். எந்தங்கச்சி சம்பாதிக்கிறா. அவளுக்கு என்ன கொற?"

பில் சரியாக இருந்தால் சரி என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். நேரில் போய்ப் பார்த்தாயிற்று, இன்ஜினீயரைக் கேட்டாயிற்று, மறுக்க எந்தக் காரணமும் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்தேன். 'மேற்கண்ட எண்ணுக்குரிய பட்டியல் எங்கள் பரிசோதனையில் சரியானதாகக் காணப்பட்டது.' ஒரே வரி. அதற்கு முன் அந்த வரியை எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். அதை வைத்து ஒரு வீட்டை இரண்டாக வெட்டலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் சீலை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்குப் போனேன்.

அருமைநாயகம் சார் படித்தார். பேனாவை எடுப்பார் என்று பார்த்தால், கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"உட்காருங்க. சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. புகார்க்காரர்கள் உட்காரும் நாற்காலியில் நான். சொன்னேன். இன்னொரு தடவை என்றார். கடைசியிலிருந்து சொன்னேன். "இப்போ போனை விட்டுருங்க. தோட்டத்துல பொழுது எப்படிப் போச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

"காலைல போனேன் சார். அவர் மோட்டார் போட்டிருந்தார். தண்ணி பாய்ஞ்சுக்கிட்டிருந்தது. மம்பட்டியும் கையுமா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக்கிட்டிருந்தார். எங்கிட்டப் பேசக்கூட அவருக்கு நேரமில்ல. கரண்ட் போனப்புறம்தான் சார் உக்காரவே முடியும்னு சொன்னார். நான் சாப்பாட்டுக்குக் கிளம்பி..."

அங்கேதான் எனக்கு உறைத்தது. கரண்ட் இருக்கிறவரை செல்வராசுவுக்குக் கையில் மண்வெட்டி. கரண்ட் போனால்தான் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுப்பார். மத்தியானம் போகிற கரண்ட். பில்லில் இருந்ததும் மத்தியானம். நான் போன இரண்டு நாளும் கரண்ட் இருக்கும்போதே போய், கரண்ட் இருக்கும்போதே சாப்பாட்டுக்குத் திரும்பியவன். என் பரிசோதனையில் நான் பரிசோதித்தது காலை நேரத்தை மட்டும்தான். கரண்ட் போனால் எங்கள் டவரும் அணைகிறதா என்று பார்க்கவே இல்லை.

அருமைநாயகம் சார் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இந்தத் தடவ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

பால்பாண்டிக்குப் போன் செய்து, கடிதத்தைச் சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்தில் வைத்துத் தருகிறேன் என்றேன். கம்பெனிக்காரன் எதற்குத் தோட்டத்துக்குக் கூப்பிடுகிறான், மாப்பிள்ளை கவனித்துவிட்டாரா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கூடவே ஈஸ்வரியும் வந்தார். அந்தக் கேரளா எப்படி இருக்கிறதென்று நானும் பார்க்கிறேன் என்று கிளம்பி வந்தாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செல்வராசு மனைவியைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார். ஈஸ்வரி அவரைப் பார்க்காமல் பந்தலைப் பார்த்தார். காய் கருப்புக் கட்ட ஆரம்பித்திருந்தது. "மருந்தடிக்கலயாக்கும்" என்றார் பந்தலிடம். "அடிக்கணும்" என்றார் செல்வராசு, அவரும் பந்தலிடம்.

செல்வராசுவின் போனை வாங்கி ஈஸ்வரி கையில் கொடுத்தேன். நான் எதையும் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காலைச் சம்மணமிட மட்டும் வழியில்லை. பால்பாண்டி தன் போனை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அது ப்ரீபெய்டு, இருப்பதிலேயே மலிவான திட்டம். என் போனையும் பக்கத்தில் வைத்தேன். கம்பெனி ஊழியர்களுக்கான போஸ்ட்பெய்டு.

காத்திருந்தோம். நல்லது கெட்டது பார்க்காமல் நேரத்துக்குப் போகிற கரண்ட், அன்றைக்கென்று போக மறுத்தது. பால்பாண்டி கடுதாசி எங்கே என்று இரண்டு தடவை கேட்டார். சட்டைப் பையில் இருக்கிறது என்று தட்டிக் காட்டினேன். கையெழுத்தில்லாத கடிதம்.

மோட்டார் ஒரு இழுவை இழுத்து நின்றது. வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் குறைந்துகொண்டே போய் அடங்கியது. ஈஸ்வரி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி அப்படியே நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. செல்வராசு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பெரியவர்கள் உட்காரப்போகும் ஞாயிற்றுக்கிழமை முழுசும் அந்தப் பார்வையில் இருந்தது. பேட்டரி தாங்குகிறதா? இன்ஜினீயர் சொன்னது உண்மைதானா?

கொஞ்ச நேரம்தான் தாங்கியது. முதலில் பால்பாண்டியின் போனில் குச்சி மொத்தமும் விழுந்து, அது வெறும் டப்பாவாகக் கிடந்தது. அப்புறம் ஈஸ்வரியின் கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. ஒரு மெசேஜ். அவர் வாய்விட்டுப் படித்தார்.

"கேரளாவுக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்."

படித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். தலைக்கு மேல் அதே பந்தல். காலுக்குக் கீழ் அதே ஈரமண். அடுத்து என் போனும் கிணுகிணுத்து என்னையும் அன்புடன் வரவேற்றது.

"நீங்க ஏதோ பட்டன அமுக்கிட்டீக" என்றார் பால்பாண்டி. பூத்தில் கேட்ட அதே குரல். இருபது அடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எம்போனு ஏன் கூப்பிடல? நான் மட்டும் கேரளாவுக்கு வரக்கூடாதா?" என்றார். உங்கள் திட்டத்தில் வெளி மாநிலம் கிடையாது, எல்லையில் அது வாயை மூடிக்கொள்ளும். மாப்பிள்ளையின் திட்டம் மூடாது, பில்லை எழுதிக்கொண்டே போகும் என்று விளக்கினேன். என் உத்தியோக காலத்தில் ப்ரீபெய்டுக்கும் போஸ்ட்பெய்டுக்கும் இவ்வளவு தெளிவாக வித்தியாசம் சொன்னது அந்தத் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான்.

ஈஸ்வரி அதோடு விடவில்லை. பில்லை விரித்தார். ஒரு எண்ணைத் தொட்டார். எல்லா எண்ணையும்விட அதிகம் வந்த எண் அது.

"எடம் சரி. இது யாரு?"

"யாவாரி, ஒட்டன்சத்திரத்துக்காரரு."

"போடுங்க. சத்தமா வச்சுப் போடுங்க."

செல்வராசு போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் ஒரு முரட்டு ஆண் குரல், ஹலோகூடச் சொல்லாமல் பிடித்துக்கொண்டது. "ஏலே செல்வராசு, இனிப்பு ஏறாம பழத்த வெட்டாதேன்னு எத்தன தடவ சொல்றது? போன லோடு வாயில வைக்க முடியல. ஊரே புளிக்குதுங்குது." அந்தக் குரல் திட்டத் திட்ட செல்வராசுவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வியாபாரியிடம் வசவு வாங்கி அப்படிப் பூரித்த விவசாயியை நான் பார்த்ததில்லை.

ஈஸ்வரி போனை வாங்கி வைத்தார். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். செல்வராசு அவராகப் பொங்கியிருந்த சோறு. "இதத்தான் திங்கிறீகளா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இதப் ப்ரீபெய்டா மாத்திக் குடுத்துருங்க. இது மாசம் பூராம் சேத்து வச்சு மொத்தமாக் கொண்டாந்து கொட்டுது. தாங்க முடியல. அதுன்னா சந்தேகமும் அப்பப்ப வந்து அப்பப்பத் தீந்துரும்."

கம்பெனி விளம்பரம் எழுதுகிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு வரி வாய்த்ததில்லை. பால்பாண்டி கடுதாசியைக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அருமைநாயகம் சார் ரோமிங் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்தார். டவரைத் திறந்து பார்த்ததில் பேட்டரி பேருக்குத்தான் உயிரோடு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் காகிதத்தில் மட்டும் ஊற்றப்பட்டிருந்தது. அந்த டீசல் யாருடைய டிராக்டரில் ஓடியது என்பதில் எனக்கு உறுதியான சந்தேகம் உண்டு. ஆதாரம் இல்லாததால் மலரில் போட வேண்டாம். புது பேட்டரி வைத்து, ஜெனரேட்டருக்குப் பூட்டும் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்திலிருந்து கிளம்பும்போது செல்வராசு ஒரு கூடைத் திராட்சை கொடுத்தார். பில் புகார் மேசைக்காரன் வாடிக்கையாளர் கையால் எதையும் வாங்கக்கூடாது என்பது விதி. ரொம்பவும் கம்பீரமாக மறுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இத்தோடு முடித்திருந்தால் இது வெற்றிக் கதை.

அடுத்த மாதம் என்னுடைய பில் வீட்டுக்கு வந்தது. மாலையில் நான் நுழைந்தபோது பாக்கியம் அதை மேசையில் விரித்து வைத்திருந்தாள். ஒரே ஒரு வரியில்தான் கேரளா. சனிக்கிழமை மத்தியானம். உள்வரும் அழைப்பு. எண்ணைப் பார்த்தேன், பாக்கியத்தின் எண். தோட்டத்தில் நின்றபோது அவள் கூப்பிட்டதையே நான் மறந்துபோயிருந்தேன்.

"நான் பண்ணுன போனுதான்" என்றாள். "அதிசயமா மிஸ்டு காலு குடுக்காம நெசமாவே பண்ணுனேன். எங்க இருக்கீகன்னு கேட்டேன். கூடலூருல ஒரு தோட்டத்துலன்னு சொன்னீக. நீங்க சொல்லும்போது கேரளாவுல இருந்திருக்கீக."

நான் சிரித்துக்கொண்டே டவர், பேட்டரி, டீசல் என்று ஆரம்பித்தேன். பாக்கியத்துக்குக் கடிகாரம் கட்டும் பழக்கம் இல்லை. கையிலிருந்த வளையல் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். கடைசியிலிருந்தும் சொன்னேன். மூன்றாவது தடவை, போனை விட்டுவிட்டு. தோட்டம், பந்தல், மோட்டார், காய் கருப்புக் கட்டியிருந்தது, ஈஸ்வரி, பால்பாண்டி, வியாபாரி வசவு, கூடைப் பழம் கொடுத்தார்கள்...

"நில்லுங்க. பழம் எங்க?"

"வேண்டாம்னுட்டேன்."

"போன்ல நான் கேட்டதே அதத்தான். வரும்போது பழம் வாங்கியாங்கன்னு. கூடலூருத் தோட்டத்துக்குள்ள போன மனுசன், ஓசியில குடுத்தும் ஒரு கொத்து இல்லாமயா வருவாரு?"

அருமைநாயகம் சாரே உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தில்தான் பிடித்திருப்பார்.

வேறு வழியில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தோட்டத்துக்கே கூட்டிப் போனேன். செல்வராசுவும் ஈஸ்வரியும் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. என் போனைப் பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டுப் பெருமிதமாக நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் கம்பெனியின் புது பேட்டரி, இமயமலை மாதிரி அசையாமல் நின்றது. ஒரு குச்சி இறங்கவில்லை. யாரும் என்னை எங்கும் அன்புடன் வரவேற்கவில்லை.

பாக்கியம் ஈஸ்வரியைப் பார்த்தாள். என் மானம் அந்த அம்மாள் வாயில் இருந்தது. ஈஸ்வரி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகச் சாட்சி சொன்னார்.

"அண்ணன் இங்கனதான் நின்னாக அக்கா. நாங் கண்ணால பாத்தேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கொத்து ஒன்றை எடுத்துப் பாக்கியத்திடம் நீட்டிக்கொண்டே சேர்த்தார். "அன்னைக்கு மட்டும்."

மறுநாள் காலையில் முதல் வேலையாக நானும் ப்ரீபெய்டுக்கு மாறினேன். மாலையில் பாக்கியத்திடம் சொன்னேன், இனிமேல் வீட்டுக்கு பில் வராது என்று. சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"வராதா? ஏன்?"